பேரு, வயசு, தொழில்

மூன்று வருஷமாக ஜிஷா அழுததெல்லாம் மீராவின் தொண்டையில்தான்.

ஞாயிறு தவிர எல்லா நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மலையாளத் தொடர் வரும். அதில் ஒரு மருமகள் கண் நிறைந்து நிற்பாள். கண் ஜிஷாவுடையது. ‘அம்மே, ஞான் தெற்றொன்னும் செய்திட்டில்லா’, நான் ஒரு தப்பும் செய்யவில்லை, என்று உடைந்துபோகிற குரல் மீராவுடையது. கரமனை மார்க்கெட்டில் மீரா வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ‘சேட்டா, இது முற்றலாணல்லோ’ என்று அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிற நாலு பெண்கள் மீன் துள்ளினாற்போல் தலையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான் அவள் புகழ்.

வேலை வழுதக்காட்டில் ஒரு மாடி ஸ்டுடியோவில். சுவரெல்லாம் மெத்தை அடித்த அறை. ஏ.சி. சத்தம் மைக்கில் விழும் என்று டேக்குக்கு டேக் அதை அணைப்பார்கள், வேர்த்து வழியும், மறுபடி போடுவார்கள், உடம்பு விறைக்கும். நாலு மணிநேரம் நின்றபடியே ஒரு எபிசோடுக்கு விம்மல், மூச்சு, ‘ம்’, ‘ஐயோ’ எல்லாம் கொடுக்கவேண்டும். அம்மா பாகீரதி பிளாஸ்கில் சீரகம் போட்டுக் காய்ச்சின வெள்ளமும், கடைவாயில் ஒதுக்கிக்கொள்ள ஒரு துண்டு சுக்கும் கொடுத்தனுப்புவாள். இப்படி எட்டு வருஷம்.

ஜிஷாவை முதலில் நேரில் பார்த்தது வட்டியூர்க்காவில் ஷூட்டிங் நடந்த வீட்டில். கையில் தட்டு, தட்டில் ஆறிப்போன அப்பம், யாரோ சொன்ன தமாஷுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘ஷாட் ரெடி’ என்றார்கள். தட்டைக் கீழே வைத்தாள். சுவரை மூன்று எண்ணுகிற நேரம் பார்த்தாள். இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது. முடிந்ததும் வந்து அப்பத்தை எடுத்துக்கொண்டு மீராவிடம் சொன்னாள்: “கேமரா அந்தப் பக்கமில்லியா, வலது கண்ணுக்கு இண்ணைக்கு லீவு.”

மீராவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் மூக்கை உறிஞ்சி, தொண்டையை இறுக்கிக் கஷ்டப்பட்டுக் கொண்டுவருகிற ஒன்று இந்தப் பெண்ணிடம் குழாயைத் திருகினாற்போல் வருகிறதே என்று இருந்தது.

ஜிஷா பாறசாலைக்குத் தெற்கே, எல்லையோரத்துக்காரி. அம்மா எலிசாள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை தல்லி உடைக்கிறவள். அங்கே அதை அண்டியாப்பீஸ் என்பார்கள். ஜிஷாவின் சொந்தக் குரல் கரகரவென்று இருக்கும். மலையாளம் பேசினாலும் எல்லைத் தமிழின் இழுப்பு விடாது. முதல் தொடரில் வசனம் சொன்னபோது டைரக்டர் யூனிட் முழுக்கக் கேட்கும்படி, “யாருடே மீன்காரியைக் கொண்டுவந்தது?” என்று சிரித்தாராம். அதற்கப்புறம் தொடர் செட்டில் அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். மற்றதை மீரா பார்த்துக்கொண்டாள்.

தங்க இடம் தேடுகிறாள் என்று கேட்டு, மீராதான் அவளைக் கரமனைத் தெருவுக்குக் கூட்டிவந்தாள். அப்பா போனபின் மாடி சும்மா கிடந்தது. “சினிமாக்காரியையா?” என்று தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். ஏஜீஸ் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாகீரதி, “எங்காத்துலே ஏற்கெனவே ஒருத்தி அதே சினிமாவிலே அழுதுண்டிருக்காளே, கேட்டேளா? இவள் மூஞ்சி, அவள் தொண்டை ஒச்சை. ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கட்டும்,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஜிஷாவிடம் தூக்க மாத்திரை எப்போது வந்தது என்று மீராவுக்குத் தெரியாது. காலை ஆறுக்கு வண்டி வரும், ராத்திரி பத்துக்குக் கொண்டுவந்து விடும். அப்புறம் தூக்கம் வராது. அசோசியேட் கேமராமேன் அனில் அவள் ஊர்ப்பக்கத்துப் பையன், அவளை உயிராக நினைத்தவன். அவன்தான் முதலில் அரை மாத்திரை கொடுத்தான். அரை ஒன்றாயிற்று, ஒன்று மூன்றாயிற்று, பிறகு பகலிலும். ஒருநாள் லொகேஷனில் குளிமுறிக் கதவைத் தட்டித் தட்டி ஒரு மணிநேரம் கழித்துத் திறந்தபோது, தரையில் உட்கார்ந்து குழாயடி ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அடுத்த வாரம் தொடரில் மருமகளுக்குக் கார் விபத்து நடந்து, முகத்தில் ஆபரேஷன் நடந்து, கட்டுப் பிரித்தபோது வேறு பெண் இருந்தாள். மீரா அந்தப் புது முகத்துக்கும் குரல் கொடுத்தாள். ஜனங்கள் ஒன்றும் சொல்லவில்லை. குரல் அதேதானே!

அதற்கு முன்பே ஜிஷா ஒரு படம் நடித்து முடித்திருந்தாள். வலியசாலைக்காரர் ஸ்ரீகண்டன் எடுத்த படம். அதில் அவள் ராஹேல் என்கிற அண்டியாப்பீஸ்காரி. இருபத்திரண்டு நாள் ஷூட்டிங்கில் அவள் எப்படி நின்றாள் என்பது அவளுக்கே ஓர்மையில்லை. குரல் சேர்ப்பது துலா மாசத்தில், ஐப்பசிவாக்கில், என்று சொல்லியிருந்தார்கள்.

ஆவணி கடைசியில் ஒரு விடிகாலை, பால் வாங்கப் போன பாகீரதி மாடிப்படியில் ஜிஷா சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். ஆட்டோ பிடித்து, மடியில் தலையை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாலாம் நாள் டாக்டரம்மா மீராவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரும், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், மாத்திரை அவள் கையில் இருக்கக்கூடாது.

மாத்திரை அட்டை மீராவிடம் வந்தது.

அந்த ஏழு வாரத்தை மீரா பிறகு யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஜிஷாவுக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பாகீரதி குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வெண்கலப் பானையில் சாதம் வடித்தாள். வேர்வையில் ஒரு நாளைக்கு நாலு தடவை உடுப்பு மாற்றவேண்டும். துவாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பாள். தெருமுனையில் பாலத்துக்கு ஏறுகிற பஸ்களின் போர்டை ஒவ்வொன்றாக வாசிப்பாள். நெய்யாற்றின்கரை. பாப்பனங்கோடு. களியக்காவிளை. ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருகிறவரை தாங்கினால் போதும் என்பது அவள் கணக்கு. பகல் முழுக்க அப்படி நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட, ‘என்னால் முடியாது’ என்று சொல்லவில்லை. “இன்னொரு பஸ்ஸு,” என்பாள். மீரா கோயிலில் கண்டிராத ஒன்றைப் பார்க்கிறவள்போல வாசற்படியில் நின்று பார்ப்பாள்.

கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும் மட்டும் வயிற்றில் நின்றது. அஞ்சாவது வாரம் எலிசாள் பஸ் ஏறி வந்தாள். விரல் நுனியெல்லாம் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்த கை. அந்தக் கையால் ஒரு பையை நீட்டினாள். உள்ளே மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கருவாடும். நீட்டியபிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று தோன்றிப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“என்னத்துக்கு ஒளிக்கறேள்?” என்றாள் பாகீரதி. “குழந்தை ஒரு மாசமா எங்காத்துக் கஞ்சியைக் குடிச்சு நாக்கு செத்துக் கிடக்கறாள். மாடியிலே அடுப்பு இருக்கு. ஜன்னலை மட்டும் செத்த சாத்திக்கோங்கோ. எதிராத்துக்காரிக்கு மூக்கு நீளம்.”

ஜிஷா அன்று இரண்டு கவளம் தின்றாள். அம்மாவின் கறுத்த விரலைப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனில் வந்தது அதற்கடுத்த திங்கட்கிழமை, பதினொரு மணி இருக்கும். இளைத்துப் போயிருந்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு. ஜிஷா கூடத்தில் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“கொச்சியில ஒரு வெப் சீரீஸ்,” என்றான். “உனக்க பேரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். நல்ல வேஷம் பிள்ளே.”

“எனக்கு இப்பளும் கை விறைச்சு நடுங்குவு, அனில்.”

“அதுக்கு வழியில்லாமலா?” கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

ஜிஷா துருவுவதை நிறுத்தினாள். “நீ ராத்திரி ஒறங்குதியா?”

“நான் எங்க ஒறங்க?”

“பின்ன அதை எனக்கு எதுக்குத் தாற?”

“உன்னைக் கெடுக்கணும்ணு ஒருநாளும் தந்ததில்ல ஜிஷா. நீ ஒறங்காம கெடந்து அழுது கரையதை எனக்குக் கண்ணால பாக்க முடியாது. அதாக்கும்.”

“தெரியும். அதுதான் எனக்கு பயம்,” என்றாள் ஜிஷா. “டாக்டரம்மைக்க நம்பர் தாறேன். நீயும் வா. ரெண்டு பேருமாட்டு போவோம். வந்தியேண்ணா உன்னைக் கெட்டி, உனக்குக் கஞ்சி வச்சுத் தந்து, பஸ்ஸு போர்டு வாசிக்கச் சொல்லித் தருவேன். வரல்லேண்ணா நீ கொச்சிக்குப் போ.”

அவன் பாகீரதி வைத்த காப்பியைக் குடித்தான். கொச்சிக்குப் போனான்.

“பாவம், நல்ல பையன்,” என்றாள் பாகீரதி, தம்ளரை எடுத்துக்கொண்டு.

“நல்லவன்தான் மாமி,” என்று சொல்லிவிட்டு, ஜிஷா மிச்சத் தேங்காயைத் துருவி முடித்து, சொல்லாமலே அடுத்ததையும் உடைத்துத் துருவினாள். அன்றைக்கு அந்த வீட்டில் மொளகூட்டலும் எரிசேரியும் அரைச்சுக்கலக்கியும் எல்லாமே தேங்காயாக இருந்தது.

ஏழாவது வாரம் கால் மாத்திரையும் நின்றது. அட்டையில் ஆறு மிச்சம். தூக்கிப் போட்டிருக்கலாம். மீரா அதைத் தன் அலமாரியில் வைத்தாள்.

ஸ்ரீகண்டன் நேரில் வந்து சொன்னார். “ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. தயாரிப்பாளர் மீராவே போறும்ங்கறார். ஜிஷா மொகத்துக்கு மீரா சப்தம்னு ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்கு ஜிஷா சப்தம் வேணும். அவர்கிட்டே ஒருநாள் டயம் வாங்கியிருக்கேன். போலீஸ் ஸ்டேஷன் ஸீன் மட்டும் முதல்லே. அது சரியாச்சுன்னா படம் முழுக்க அவள். இல்லேன்னா மறுநாள் கார்த்தாலே மீரா தொடங்கணும். மீரா, அன்னிக்கு நீயும் ஸ்டுடியோவிலே இருக்கணும், கேட்டயா?”

எட்டு வருஷத்தில் மீராவுக்குப் படம் வந்ததில்லை. கதாநாயகிக்குப் பேசினால் எழுத்துப் போடும்போது பேர் வரும், பத்திரிகையில் எழுதுவார்கள், விருது என்று ஒன்று இருக்கிறது. குளிமுறியில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, ராஹேலின் வரிகளைச் சொல்லிப் பார்த்தாள். கடைசி வரியில் ஒரு தேம்பல் வைத்தாள். அழகாக இருந்தது.

வெளியே வந்ததும் பாகீரதி கேட்டாள். “அது உனக்கே கிடைக்கணும்னு இருக்கோடீ?”

“சீ, என்னம்மா!”

பாகீரதி துவாலையை எடுத்துக்கொடுத்தாள்.

குரல் சேர்க்கும் நாளன்று துலா மாசத்து வெயில் காலையிலேயே கொதித்தது. மத்தியானத்துக்குமேல் இடி உறுதி என்று எல்லோருக்கும் தெரியும். அதே வழுதக்காட்டு ஸ்டுடியோவின் சவுண்ட் என்ஜினியர் சத்தியதாஸ், நெய்யாற்றின்கரைக்காரர், “ரெண்டு மணிக்குள்ள முடிக்கணும்,” என்று சொல்லிக்கொண்டே மைக்கை ஜிஷாவின் உயரத்துக்கு இறக்கினார்.

திரையில் ராஹேல் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். உதடு கிழிந்திருக்கும். எதிரே எழுதிக்கொள்கிற போலீஸ்காரி படத்தில் தெரியமாட்டாள். கேள்வி மட்டும் கேட்கும். கேமரா அந்த முகத்தைவிட்டு அசையாது.

ஜிஷா ஹெட்போனை மாட்டினாள். ஷூட்டிங்கில் ஸ்ரீகண்டன் பேசவைத்துப் பதிந்த தன் குரல் காதில் விழுந்ததும் உடம்பு சுருங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு அதன்மேல் பேசவேண்டும். முதல் டேக்கில் உதட்டுக்கு முந்தி வந்தது. இரண்டாவதில் மீராவைப்போலப் பேசப் பார்த்தாள்; கேட்கவே பாவமாக இருந்தது. ஐந்து, ஏழு, பதினொன்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளரின் ஆள் வாட்சைப் பார்த்தான். ஸ்ரீகண்டன், “சாப்பிட்டு வரலாம்,” என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. வராந்தாவில் ஜிஷா மீராவின் கையைப் பிடித்தாள். அவள் கை மழையில் நனைந்த கோழிக்குஞ்சாக நடுங்கியது.

“மீரா, ஒரு அரை. அரை மட்டும் தா. கை ஒண்ணு நின்னா போரும். நீ கொண்டு வந்திருப்பே, எனக்குத் தெரியும்.”

கொண்டுவந்திருந்தாள். காலையில் அலமாரியைத் திறந்து அட்டையைப் பையில் போட்டபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன அவசரம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அரை போதும், நாக்கு தடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு அரை, மறுபடி முதல் படியில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று டாக்டரம்மா சொன்னதும் தெரியும். நாளைக் காலை அந்த மைக் தன் உயரத்துக்கு ஏறும் என்பதும் தெரியும்.

மீரா பையைத் திறந்தாள். ஒன்றைப் பிதுக்கி, நகத்தால் உடைத்து, பாதியை ஜிஷாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஜிஷா அதைப் பார்த்தாள். கையை வாய்வரை கொண்டுபோனாள். அப்புறம் மீராவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது என்று மீராவால் சொல்லமுடியாது. ஜிஷா அந்தப் பாதியைத் திருப்பி மீராவின் கையிலேயே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“வச்சுக்கோ,” என்றாள். போய் முகம் கழுவினாள்.

உள்ளே போனபோது முதல் இடி விழுந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்தது. சத்தியதாஸ் தலையைச் சொறிந்தார். “ஜிஷா, நீ அந்த ஹெட்போனைக் கழட்டிப் போடு. உனக்க சப்தத்தை நீ கேக்க வேண்டாம். மீரா, ஒரு சகாயம் செய்யணும். பக்கத்து மைக்கில நின்னு போலீஸ்காரிக்க கேள்வியை நீ கேளு. அவ உனக்கு பதில் சொல்லட்டும். சும்மா, ரெண்டு ஆளு பேசுத மாதிரி.”

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மீராவின் இடது கை மூடியே இருந்தது. திரையில் ராஹேல் வந்தாள்.

“பேரு?” என்றாள் மீரா.

“ராஹேல்.”

அந்தக் குரலில் அழுகை இல்லை, நடுக்கம் இல்லை. கரகரவென்று, எல்லைப்பக்கத்து இழுப்போடு, வெறும் பேர் வந்தது. ஒருத்தி பிறந்து, அந்தப் பேரில் அடி வாங்கி, அந்தப் பேரில் சோறு பொங்கி இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறாள் என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது.

“வயசு?”

“முப்பத்தொண்ணு.”

“தொழில்?”

“அண்டியாப்பீஸ்.” சொல்லும்போது ஜிஷா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். திரையில் ராஹேலும் பார்த்தாள்.

“ஆரா அடிச்சது?”

திரையில் ராஹேல் பேசாமல் இருந்தாள். ஜிஷா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி மீராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, உதட்டசைவு தப்பாமல், எப்படித் தப்பாமல் என்பது யாருக்கும் தெரியாது, மெதுவாகச் சொன்னாள்:

“அறியாவுன்ன ஆளாணு.” தெரிந்த ஆள்தான்.

அடுத்த கேள்வி, ‘பேரு பறா’, அவன் பேரைச் சொல்லு என்பது. ராஹேல் தலை குனியும்போது அது வரவேண்டும். மீராவின் வாய் திறந்தது. எட்டு வருஷமாக எந்த அழுகைக்கும் எந்தச் சிரிப்புக்கும் ஒருதடவைகூடப் பிந்தாத தொண்டை அடைத்துப்போயிருந்தது. திரையில் ராஹேல் குனிந்தாள். கைகளைப் பார்த்தாள். அறையில் மூச்சு மட்டும். கேள்வி வரவில்லை. ராஹேல் நிமிர்ந்தாள். யாரும் கேட்காமலே, தானாகவே, புருஷன் பேரைச் சொன்னாள்.

காட்சி முடிந்து திரை வெளுத்தது.

“ஸாரி சார்,” என்றாள் மீரா. “நான் விட்டுட்டேன். இன்னொண்ணு போகலாம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீகண்டன் எழுந்து நின்றிருந்தார். மைக் பொத்தானை அழுத்தினார். “வேண்டாம்,” என்றார். “அந்தக் கேள்வி வேண்டாம். கேக்காமலே சொல்றாளே. அதுதான் ஸீன். எனக்கு எழுதத் தெரியலை.”

தயாரிப்பாளரின் ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெளியே மழை கொட்டிற்று.

படியிறங்கிக் கீழே வந்து இரண்டு பேரும் கூரையடியில் நின்றார்கள். மழை வழுதக்காட்டு ரோட்டை ஆறாக்கியிருந்தது. மீரா மூடிய கையைத் திறந்தாள். மாத்திரை வேர்வையில் கரைந்து உள்ளங்கைக் கோடுகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“ஜிஷா, நான் வேணும்னுதான்...”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் உள்ளே போனயா?”

“எடுத்துப் போட்டிருப்பேன் மீரா. வாய்வரை வந்தாச்சு. அப்பதான் உனக்க மொகத்தைப் பாத்தேன்.” ஜிஷா மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அனிலுக்க சட்டைப்பையைப் பாக்கும்போ எனக்கு எப்படி மொகம் இருந்திருக்குமோ, அப்படி இருந்துது. அத்தற பெரிய ஆசை. நான் தோத்தாப் போரும்ணு பசிச்சுக் கெடக்கு. ஐயோ, இது வேற எங்கயும் இல்லியே, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு, ஒரே தீனம்தானேண்ணு தோணிச்சு. பயந்துபோனேன். அந்த பயத்தில எனக்குக் கை நின்னுபோச்சு.”

மீராவுக்கு அழுகை வந்தது. தொழிலில் வருகிறமாதிரி அழகாக வரவில்லை. கோணிக்கொண்டு, மூக்கொழுக வந்தது. ஜிஷா அவள் மணிக்கட்டைப் பிடித்து, கையை மழைக்கு நீட்டி, தன் கட்டைவிரலால் அந்த வெள்ளையைத் தேய்த்துக் கழுவினாள்.

“மாமிகிட்ட சொல்லுவியா?” என்று கேட்டாள்.

“சொல்லணும்.”

“சொல்லு. அடிச்சாண்ணா ரெண்டு எனக்கும் வாங்கித் தா. பசிக்குவு, வா.”

படம் முழுக்க ஜிஷாவே பேசினாள், தொடர் வேலை முடிந்தபின் அதே ஸ்டுடியோவில், ஒன்பது நாள். மீரா மறுநாள் காலை எப்போதும்போலத் தொடர் வேலைக்குப் போனாள். ஏ.சி.யை அணைத்தார்கள். திரையில் அந்தப் புதுப் பெண், ஆபரேஷன் கட்டுப் பிரித்து வந்தவள், மாமியார் முன்னால் கண் நிறைய நின்றாள். இருபது வயசு இருக்கும். மூன்று மாசமாக இந்த முகத்துக்குப் பேசியும், இவள் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை மீரா கவனித்ததில்லை. கண்ணுக்குக் கீழே மேக்கப் அப்பியும் மறையாத கருப்பு.

சிவப்பு விளக்கு எரிந்தது. வசனம் வந்து, போயிற்று. மீரா வாய் திறக்கவில்லை.

“எந்தா மீரா?” என்றார் சத்தியதாஸ்.

“ஒரு நிமிஷம், சேட்டா,” என்றாள் மீரா. “ஒச்சை இல்லாம ஒருதடவை போடுங்கோ. அவளை நான் ஒருக்கப் பாத்துக்கறேன்.”